பாப்பாவின் முழங்கை: அலபாமாவில் நான்கு நாள்

முதல் நாள்: அட்லாண்டாவிலிருந்து மான்ட்கோமரி

என் கணவரின் தாத்தாவுக்கு 85 வயது. வீட்டில் எல்லாரும் அவரை ‘பாப்பா’ என்றுதான் கூப்பிடுவார்கள். அமெரிக்கத் தென்மாநிலங்களில் தாத்தாவை அப்படி அழைப்பது வழக்கம். அவர் என்னை ‘பேபி’ என்பார். கல்யாணமான புதிதில் மதுரையிலிருந்து அம்மா போன் செய்தபோது, பின்னால் நடந்த பேச்சு காதில் விழுந்துவிட்டது. “ஏண்டி, அங்கே யாரு பாப்பா, யாரு பேபி?” என்று கேட்டாள். தமிழில் பாப்பா என்றால் கைக்குழந்தை என்று அவரிடம் விளக்கினேன். “சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள். பல்லும் இல்லை, முடியும் இல்லை, மதியம் தூங்க வைக்க ஆள் வேண்டும்” என்றார்.

இந்தப் பயணம் அவருடைய ஆசை. காரணம் ஒரு பந்தயம். 1965 மார்ச்சில் செல்மாவிலிருந்து மான்ட்கோமரிக்கு வாக்குரிமை கேட்டு நடந்த பேரணியில் பாப்பா இருந்தார். சாப்பாடு பரிமாறும்போது யாரோ தன்னைப் படம் எடுத்ததாகவும், அந்தப் படம் எங்கோ இருப்பதாகவும் சொல்லிக்கொண்டே இருப்பார். பாட்டி நம்பவே இல்லை. ஐந்து டாலர் பந்தயம். 52 வருடத் தாம்பத்தியத்தில் அந்த ஐந்து டாலர் தீரவில்லை. பாட்டி போய் மூன்று வருடம் ஆகிறது. போன மாதம் சர்ச்சில் ஒரு நண்பர், “லௌண்டஸ் கவுன்ட்டி அருங்காட்சியகத்தில் ஒரு படம் பார்த்தேன். உன் முழங்கை மாதிரியே இருக்கிறது” என்று சொல்லிவிட்டார். (கவுன்ட்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி.) அன்றிலிருந்து பாப்பாவுக்குத் தூக்கம் இல்லை.

ஆகவே காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். என் கணவர் ஓட்ட, முன் இருக்கையில் பாப்பா, பின்னால் நான். சாலையின் எண் 85. “என் வயசுக்கு ஒரு ரோடு போட்டிருக்கிறார்கள் பார்” என்றார்.

மடியில் ஒரு ஷூ பெட்டி. உள்ளே மெழுகுத்தாளில் சுற்றிய பொரித்த கோழி, அவித்த முட்டை, கேக் துண்டு. வழியில் ஆயிரம் கடைகள் இருக்கும்போது இது எதற்கு என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். அவர் வாலிபனாக இருந்த காலத்தில் கறுப்பர் குடும்பம் காரில் கிளம்பினால் சாப்பாடு, தண்ணீர், கூடுதல் பெட்ரோல், சில நேரம் ஒரு வாளி, எல்லாம் வண்டியிலேயே போகும். எந்த ஊரில் சாப்பாடு தருவார்கள், எந்த விடுதியில் படுக்க விடுவார்கள் என்று சொல்வதற்கே ஒரு கையேடு இருந்தது. விக்டர் ஹியூகோ கிரீன் என்ற நியூயார்க் தபால்காரர் 1936இல் தொடங்கிய ‘கிரீன் புக்’. அந்தக் காலத்துப் பழக்கம் பாப்பாவின் கையை விட்டு இன்னும் போகவில்லை.

நான் கட்டிக்கொண்டு வந்தது புளியோதரை. ஒரு வாய் போட்டுக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். “இந்தச் சோற்றின் மேல் யாருக்கு இவ்வளவு கோபம்?” என்றார். ஆனால் மீதியையும் சாப்பிட்டார். எங்கள் ஊர்க் கட்டுச்சோறும் அவருடைய ஷூ பெட்டியும் ஒரே இருக்கையில் கிடந்ததைப் பார்க்க எனக்கு நிறைவாக இருந்தது.

மாநில எல்லையைத் தாண்டியதும் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். “பார்த்தாயா? அலபாமா என்னிடமிருந்து எடுத்ததில் திருப்பிக் கொடுத்தது இந்த ஒரு மணி நேரத்தைத்தான். அதையும் திரும்பி வரும்போது வாங்கிக்கொள்வார்கள்.”

மதியத்துக்குள் மான்ட்கோமரி. பாப்பா தூங்கப் போய்விட்டார். நாளை நிறைய நடக்க வேண்டும்.

இரண்டாம் நாள்: மான்ட்கோமரி

காலையில் சோள ரவைக் கஞ்சி. இங்கே ‘கிரிட்ஸ்’ என்கிறார்கள். நம் ஊர் நொய்க்கஞ்சியில் வெண்ணெய் போட்டது போல இருக்கும். அப்புறம் ரோசா பார்க்ஸ் அருங்காட்சியகம். 1955 டிசம்பர் 1 அன்று மாலை, வெள்ளையருக்கு இருக்கையை விட்டுக்கொடுக்க மறுத்து அவர் பேருந்தில் கைதான இடத்திலேயே கட்டியிருக்கிறார்கள்.

ரோசா பார்க்ஸின் பெயர் நம் ஊர்ப் பாடப்புத்தகம் வரை வந்திருக்கிறது. அதற்கு ஒன்பது மாதம் முன்பு, அதே ஆண்டு மார்ச் 2 அன்று, அதே ஊரில் அதே காரணத்துக்காகக் கைதான கிளாடெட் கோல்வினின் பெயர் வரவில்லை. அவருக்கு வயது 15. பாப்பாவுக்கும் அப்போது கிட்டத்தட்ட அதே வயது. “அந்தப் பெண்ணைப் போலீஸ் இழுத்துக்கொண்டு போன அன்று நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? அல்ஜீப்ராவில் பெயிலாகிக்கொண்டிருந்தேன்.”

அந்தப் பேருந்துகளின் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். முன்னால் பத்து இருக்கை வெள்ளையர்களுக்கு. அவை காலியாகவே இருந்தாலும் கறுப்பர்கள் உட்காரக் கூடாது. முன்வாசலில் ஏறிப் பத்து சென்ட் கட்டிவிட்டு, இறங்கி, வெளியே நடந்து பின்வாசல் வழியாக ஏற வேண்டும். காசை வாங்கிக்கொண்டு, பின்வாசலுக்குப் போவதற்குள் வண்டியை எடுத்துவிடும் ஓட்டுநர்களும் உண்டு. “எங்க அம்மா கட்டிவிட்டு ஏறாத டிக்கெட்டையெல்லாம் சேர்த்தால் அந்தக் கம்பெனியில் எனக்கு ஒரு சக்கரமாவது சொந்தம்” என்றார் பாப்பா.

ரோசா பார்க்ஸின் கைதை எதிர்த்து டிசம்பர் 5இல் தொடங்கிய பேருந்துப் புறக்கணிப்பு 381 நாள் நடந்தது. பேருந்தில் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கறுப்பர்கள். அத்தனை பேரும் நடந்தார்கள். பாப்பாவின் அம்மா ஒரு வெள்ளையர் வீட்டில் சமையல் வேலை. போக நாலு மைல், வர நாலு மைல். பாப்பா பள்ளி விட்டதும் ஒரு இறுதிச்சடங்கு நிறுவனத்தில் கார் துடைக்கும் வேலை. மாமா அங்கேதான் அமரர் ஊர்தி ஓட்டினார். நடக்க நல்ல ஷூ இல்லாததால் மாமாவின் பழைய ஷூ கிடைத்தது. இரண்டு அளவு பெரிசு. முன்னால் செய்தித்தாளைச் சுருட்டி வைத்துக்கொண்டு நடந்தார். “ஊரில் என்ன சேதி என்று முதலில் என் கால்விரலுக்குத்தான் தெரியும். மழை பெய்தால் சேதி கலங்கிவிடும்.”

டாக்சிக்காரர்கள் பேருந்துக் கட்டணமான பத்து சென்டுக்கே ஆள் ஏற்றிப் பார்த்தார்கள். குறைந்தது 45 சென்ட் வாங்க வேண்டும் என்ற விதியைக் காட்டி நகராட்சி தடுத்தது. உடனே சொந்தக் கார் வைத்திருந்தவர்களைச் சேர்த்து ஒரு பெரிய ஏற்பாடு செய்தார்கள். இன்ன இடத்தில் ஏறு, இன்ன இடத்தில் இறங்கு என்று கணக்காக ஓடியது. வேலைக்காரப் பெண்களைத் தங்கள் காரில் கூட்டிப் போகும் வெள்ளைக்காரச் சீமாட்டிகளை மேயர் கண்டித்தபோது, சிலர் ‘அப்படியானால் மேயரே வந்து என் வீட்டு வேலையைச் செய்யட்டும்’ என்றார்களாம்.

பாப்பாவின் மாமாவும் அமரர் ஊர்தியில் ஆள் ஏற்றினார். வேலைக்குப் போகும் அம்மாக்கள் பின்னால் உட்கார்ந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டு வருவார்கள். எதிரே வரும் கார்கள் மரியாதையாக ஒதுங்கி நிற்கும். ஆண்கள் தொப்பியைக் கழற்றுவார்கள். “உயிரோடு இருக்கும்போது அந்த ஊரில் எங்களுக்கு அவ்வளவு மரியாதை கிடைத்தது அந்த வண்டிக்குள் மட்டும்தான், பேபி.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்துவிட்டேன். அறைக்கு வந்த பிறகும் அந்த வாக்கியம் என்னை விடவில்லை.

இன்னொன்று. 1956 பிப்ரவரியில், புறக்கணிப்புக்கு எதிரான 1921ஆம் ஆண்டின் ஒரு பழைய சட்டத்தைத் தேடிப் பிடித்து 89 பேர் மீது வழக்குப் போட்டார்கள். போலீஸ் வீட்டுக்கு வரட்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை. நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு அவர்களே போய் நின்றார்கள். பட்டியலில் பெயர் இல்லாதவர்கள் ஏமாற்றத்தோடு திரும்பினார்கள் என்று மார்ட்டின் லூதர் கிங்கே எழுதியிருக்கிறார். பாப்பாவின் மாமா அப்படித் திரும்பியவர்களில் ஒருவராம். சவ ஊர்வலத்துக்குப் போடும் கறுப்புக் கோட்டை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு போய், “நன்றாகப் பாருங்கள் ஐயா, கடைசிப் பக்கத்தில் இருக்கும்” என்று அதிகாரியிடம் மன்றாடினாராம். இல்லை என்றதும் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. “போலீஸைப் பார்த்தால் தெருவை மாற்றிக்கொள்கிற மனிதர் அவர். அன்றைக்கு என்னைப் பிடி, பிடி என்று சண்டை போட்டார்.” எத்தனை தலைமுறைப் பயம் ஒரே நாளில் தலைகீழாக மாறியிருக்கிறது! இந்த ஒரு காட்சிக்காகவே நான் மான்ட்கோமரிக்கு வந்திருப்பேன்.

மதியம் டெரிகோட் தெரு. ஜார்ஜியா கில்மோரின் வீடு இருந்த இடம். சமையல் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். போராட்டத்தில் நின்றதால் வேலை போனது. கிங் அவரைச் சொந்தமாகச் சமைத்து விற்கச் சொன்னார். அவர் பெண்களைச் சேர்த்துக் கோழி, ‘பை’ (இனிப்பு அடைத்துச் சுடும் பலகாரம்), கேக் என்று சமைத்து விற்று, கார்களுக்கு வேண்டிய பெட்ரோல் காசில் ஒரு பங்கைக் கொண்டுவந்தார். அந்தக் குழுவுக்கு வைத்த பெயர் ‘எங்குமில்லாத கிளப்’. கொடுத்தது யார் என்று தெரிந்தால் வேலை போய்விடும். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ‘எங்கிருந்தும் இல்லை’ என்று பொய் கலக்காமல் சொல்லலாம். பாப்பாவும் அந்தச் சாப்பாட்டைக் காசு கொடுத்து வாங்கித் தின்றவர். “நான் போராட்டத்துக்குச் செய்த முதல் தியாகம், இரண்டாவது துண்டு பை.”

சுவரில் எந்தப் படம் இருந்தாலும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மூக்கை ஒட்டிப் பார்க்கிறார். நடக்கும் கூட்டத்தின் படம் ஒன்றில், “இதோ, இந்தக் காது” என்றார். பேரன், அதாவது என் கணவர், பார்த்துவிட்டு, “பாப்பா, அது ஒரு பெண்மணி” என்றான். “காது நல்ல காது” என்றார்.

குடிநீர்க் குழாய்களைப் பற்றிப் பேச்சு வந்தது. வெள்ளையருக்கு ஒன்று, நிறத்தவருக்கு ஒன்று என்று பலகை மாட்டியிருந்த காலம். சின்ன வயதில் ஒரு கடையின் பின்பக்கம் போய் பார்த்திருக்கிறார். சுவருக்குப் பின்னால் ஒரே குழாய்தான் வந்து இரண்டாகப் பிரிந்ததாம். நான் என் தாத்தாவைப் பற்றிச் சொன்னேன். மதுரைக்கு மேற்கே ஒரு கிராமம். டீக்கடையில் எங்கள் தெரு ஆட்களுக்குத் தனிக் குவளை. அதற்கும் முன்னால் சிரட்டை. குடித்துவிட்டுத் தாத்தாவே கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். பாப்பா கவனமாகக் கேட்டார்.

“அங்கே பலகை எழுதி வைத்திருந்தார்களா?”

“இல்லை பாப்பா. எல்லாருக்கும் தெரியும்.”

“கெட்டிக்காரர்கள். பலகைச் செலவு மிச்சம்” என்றார். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டே கார் வரை நடந்து வந்தார்.

1959இல் கிங் இந்தியாவுக்கு வந்தார். எங்கள் மதுரைக்கும் வந்தார். கேரளத்தில் ஒரு பள்ளியில் தலைமையாசிரியர் தன்னை ‘அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் தீண்டப்படாதவர்’ என்று அறிமுகப்படுத்தியதாகவும், முதலில் அதிர்ந்து, பிறகு யோசித்து, ஆமாம் என்று தனக்குள் ஒப்புக்கொண்டதாகவும் 1965இல் அவரே சொன்னார். பள்ளியில் எங்களுக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தந்திருக்க வேண்டும்.

மாலையில், வெள்ளையர் கும்பல்களால் கொல்லப்பட்ட கறுப்பர்களுக்கான நினைவிடம். 2018இல் திறந்தது. ஒவ்வொரு கவுன்ட்டிக்கும் ஒன்றாக 800க்கும் மேற்பட்ட துருநிற இரும்புத் தூண்கள் மேலிருந்து தொங்குகின்றன. 4,400 பேருக்கு மேல். சில இடங்களில் பெயருக்குப் பதில் ‘பெயர் தெரியவில்லை’ என்றே இருக்கிறது. பாப்பா தன் அம்மா பிறந்த லௌண்டஸ் கவுன்ட்டியின் தூணைத் தேடிப் பிடித்து, தொப்பியைக் கழற்றிவிட்டு, அதில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாக உரக்கப் படித்தார்.

மூன்றாம் நாள்: 80ஆம் எண் சாலை, செல்மா

இன்று நீளமாக எழுதுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேரணி செல்மாவில் தொடங்கி மான்ட்கோமரியில் முடிந்தது. நாங்கள் எதிர்த்திசையில் போனோம். முதலில் மான்ட்கோமரிக்குள்ளேயே செயின்ட் ஜூட் என்ற கத்தோலிக்க வளாகம். 1965 மார்ச் 24 இரவு, நடந்து வந்தவர்கள் கடைசியாகத் தங்கிய இடம். மழையில் ஊறிச் சேறான மைதானம். அங்கே ஒரு கச்சேரி நடந்தது. ஹாரி பெலஃபான்டே ஏற்பாடு. நினா சிமோன், டோனி பென்னட், சாமி டேவிஸ் ஜூனியர் எல்லாரும் வந்தார்கள். மேடை இல்லை. சவப்பெட்டிகள் அடைத்து வரும் மரக்கூடுகளை இறுதிச்சடங்கு நிறுவனத்தில் கடன் வாங்கி அடுக்கி, மேலே பலகை போட்டார்கள்.

அந்தக் கூடுகளை இறக்கியதில் பாப்பாவின் தோளும் உண்டு. அப்போது அவர் செல்மாவில் அமரர் ஊர்தி ஓட்டுநர். தொழில் தெரிந்தவர் என்று கூப்பிட்டார்கள். ஒரு மூலை ஆடியதாம். கச்சேரி முழுக்க அதைப் பிடித்துக்கொண்டு அடியிலேயே நின்றிருக்கிறார். “உலகத்தில் பெரிய பாடகர்கள் எல்லாரையும் நான் பார்த்திருக்கிறேன், கணுக்கால் வரைக்கும். டோனி பென்னட்டின் ஷூவை இன்றைக்குக் காட்டினாலும் அடையாளம் சொல்வேன். நல்ல தோல்.”

அங்கிருந்து மேற்கே 80ஆம் எண் சாலை. இரண்டு பக்கமும் மேய்ச்சல் நிலம், நடுவில் எங்காவது ஒரு பழைய சர்ச். பேரணி மொத்தம் 54 மைல். லௌண்டஸ் கவுன்ட்டிக்குள் சாலை குறுகலாக இருந்ததால் அந்தப் பகுதியில் 300 பேர் மட்டும் நடக்க நீதிமன்றம் அனுமதித்தது. கடைசி நாளில் மான்ட்கோமரியில் மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தின் படிக்கட்டுக்கு முன்னால் 25,000 பேர் வந்து சேர்ந்தார்கள்.

ஒரு மேட்டில் இரும்பு வேலிக்குள் வயோலா லியுஸோவின் நினைவுக்கல். டெட்ராய்ட்டிலிருந்து வந்த வெள்ளைக்காரப் பெண். ஐந்து பிள்ளைகளின் தாய், வயது 39. பேரணி முடிந்த இரவில் தன் காரில் ஆட்களைக் கொண்டுவிட்டுக்கொண்டிருந்தபோது கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளையர் வெறிக் கும்பலைச் சேர்ந்தவர்கள் சுட்டுக் கொன்றார்கள். பாப்பாவும் அன்றிரவு இதே சாலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போனவர்தான். “என் வண்டியைப் பார்த்தால் ஏற்கெனவே செத்தவன் போகிறான் என்று விட்டிருப்பார்கள்” என்றார். வேலியை ஒட்டி வளர்ந்திருந்த புல்லைக் குனிந்து பிடுங்கினார். பேரனும் உதவினான். அங்கே கொஞ்ச நேரம் இருந்தோம்.

அடுத்தது லௌண்டஸ் அருங்காட்சியகம், தேசியப் பூங்காத் துறையுடையது. 1965 தொடக்கத்தில் இந்தக் கவுன்ட்டியில் கறுப்பர்கள் ஏறத்தாழ 80 சதவீதம். வாக்காளர் பட்டியலில் அவர்களில் ஒருவர்கூட இல்லை. அதற்குப் பிறகு துணிந்து பதிவு செய்தவர்களை நில உடைமையாளர்கள் குடிசையை விட்டு விரட்டினார்கள். அவர்கள் கூடாரம் போட்டு இரண்டு வருடத்துக்கும் மேல் வாழ்ந்த இடத்தில்தான் இந்தக் கட்டடம் நிற்கிறது.

அலபாமாவில் எழுத்தறியாதவர்களுக்காகக் கட்சிகளுக்குச் சின்னம் வேண்டும் என்று சட்டம் இருந்தது, நம் ஊர் மாதிரியே. அங்கே ஜனநாயகக் கட்சியின் சின்னம் வெள்ளைச் சேவல். அதோடு ‘வெள்ளையர் மேலாதிக்கம்’ என்ற வாசகம் 1966 தொடக்கம் வரை அச்சாகியிருந்தது. லௌண்டஸ் மக்கள் தனிக் கட்சி கண்டு கருஞ்சிறுத்தையைச் சின்னமாக வைத்தார்கள். “சிறுத்தைக்கும் சேவலுக்கும் போட்டி என்றால் யார் ஜெயிப்பார்கள் என்று எங்களுக்குச் சந்தேகமே இல்லை. ஓட்டு எண்ணினபோது சேவல் ஜெயித்தது. அதற்குக் கொஞ்ச காலம் பிடித்தது, பேபி.” நான்கே வருடம் பிடித்தது. 1970இல் அந்தக் கட்சியைக் கட்டிய ஜான் ஹியூலெட் இங்கே ஷெரிஃபாக, அதாவது கவுன்ட்டியின் போலீஸ் தலைவராக, தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இப்போது படம்.

உள்ளே ஒரு சுவரில் இருந்தது. கூடார முகாம், இரவு. பேரணிக்காரர்களுக்குச் சாப்பாட்டைச் செல்மாவில் சமைத்து, புத்தம்புதுத் தகரக் குப்பைத்தொட்டிகளில் நிரப்பி வண்டியில் கொண்டுவந்தார்கள். அவ்வளவு பெரிய பாத்திரம் வேறு கிடைக்கவில்லை. படத்தில் அப்படி ஒரு தொட்டி, அதற்குள் ஸ்பகெட்டி, வரிசையில் களைத்த முகங்கள். ஓரத்தில் கரண்டி பிடித்த ஒரு கை. முழங்கையோடு படம் முடிந்துவிடுகிறது.

பாப்பா நிமிர்ந்து நின்றார். “நான்தான்.”

பேரன் கிட்டே போய்ப் பார்த்தான். “பாப்பா, இந்தக் கையில் வாட்ச் இருக்கிறது.”

“இருக்கட்டும்.”

“நீங்கள் வாட்ச் கட்டியதே இல்லையே.”

“கடன் வாங்கியது.”

“யாரிடம்?”

“60 வருடம் ஆகிறது. அவனும் திருப்பிக் கேட்கவில்லை.”

அங்கே பணியில் இருந்த அம்மையார் விஷயத்தைக் கேட்டுவிட்டு அவரோடு கைகுலுக்கினார். அந்தக் கை யாருடையது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. அந்தக் கை பாப்பாவுடையதாக இல்லாமல் இருந்தாலும் அவர் அங்கே கரண்டி பிடித்து நின்றது உண்மை. 381 நாள் நடந்த கால்களுக்கும், எங்குமில்லாத கிளப்பில் பை சுட்ட கைகளுக்கும், மேடையைத் தாங்கிய தோளுக்கும் எந்தப் படத்தின் கீழும் பெயர் இல்லை. கிங்கை நான் மனதார வணங்குகிறேன். ஆனால் இந்த நாட்டை மாற்றியது முழங்கைகள் என்றுதான் நம்புகிறேன். என் தாத்தாவும் ஒரு நாள் அந்தக் குவளையைக் கழுவாமல் வைத்துவிட்டு வந்தார். அதற்கும் படம் கிடையாது.

சாயங்காலம் செல்மா. எட்மண்ட் பெட்டஸ் பாலம். உள்நாட்டுப் போரில் அடிமைமுறையின் பக்கம் நின்ற தளபதியின் பெயர் இன்னும் அதன் நெற்றியில் இருக்கிறது. 1940இல் திறந்தது. “நானும் இதுவும் ஒரே வயசு. இதற்கு மட்டும் பெயின்ட் அடிக்கிறார்கள்” என்றார்.

நடுவில் உயர்ந்து வளைந்த பாலம். ஊர்ப் பக்கத்திலிருந்து ஏறினால் உச்சிக்கு வரும்வரை அந்தப் பக்கம் தெரியாது. 1965 பிப்ரவரியில் ஜிம்மி லீ ஜாக்சன் என்ற இளைஞரை மாநிலக் காவலர் ஒருவர் சுட்டார். அவர் இறந்ததற்கு நீதி கேட்டுத்தான் மார்ச் 7 ஞாயிற்றுக்கிழமை ஜான் லூயிஸ், ஹோசியா வில்லியம்ஸ் தலைமையில் சுமார் 600 பேர் ஏறினார்கள். உச்சியில் நின்று பார்த்தால் கீழே வரிசையாகக் காவலர்கள். தடி, கண்ணீர்ப்புகை, குதிரை.

அந்தக் கூட்டத்தில் பாட்டி இருந்தார், 19 வயது. பாப்பா இல்லை. அவர் ஊர்ப் பக்கத்தில் அமரர் ஊர்தியோடு நின்றிருந்தார். அப்போதெல்லாம் கறுப்பர்களுக்கு ஆம்புலன்ஸும் அதே வண்டிதான். காயம்பட்டவர்களைத் தூக்கித் தூக்கி ஏற்றினார்கள். தலையில் அடிபட்டு மயங்கிய ஒரு பெண் பாதி வழியில் கண் விழித்தாள். மேலே துணி வைத்துத் தைத்த கூரை, பக்கத்தில் சாட்டின் திரை.

“நான் செத்துவிட்டேனா?”

“இன்னும் இல்லை மேடம். குட் சமாரிட்டன் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம்.”

“அப்படியானால் ஏன் இவ்வளவு மெதுவாக ஓட்டுகிறாய்?”

ஊர்வல வேகத்திலேயே ஓட்டிப் பழகிய கால். பாப்பா அன்றைக்குத்தான் அந்த வண்டியின் முழு வேகத்தைப் பார்த்தாராம். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது அவள் பெயரைக் கேட்டார். இரண்டு வாரம் கழித்து, தலைக்கட்டோடு அவள் மறுபடி நடக்கக் கிளம்பியதைப் பார்த்துத்தான் இவர் சாப்பாட்டு வண்டியில் ஏறினார். “எனக்கு வாக்குரிமையும் வேண்டும்தான். ஆனால் அந்தப் பெண் எங்கே சாப்பிட வருவாள் என்று எனக்குத் தெரியும்.”

வாக்குக் கதையையும் பாலத்தில் நின்றே சொன்னார். செல்மாவில் பதிவு அலுவலகம் மாதத்தில் இரண்டே நாள் திறக்கும். போனால் கேள்வி கேட்பார்கள். ஒரு சோப்புக் கட்டியில் எத்தனை குமிழ் இருக்கும் என்றெல்லாம். “எந்தக் கம்பெனி சோப்பு ஐயா?” என்று இவர் திருப்பிக் கேட்டிருக்கிறார். வெளியே அனுப்பிவிட்டார்கள். 1965 ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தானது. சில நாட்களில் மத்திய அரசின் பதிவாளர்கள் செல்மாவுக்கே வந்தார்கள். பாப்பா பதில் தயாராக வைத்திருந்தார். பெயர், வயது, முகவரி கேட்டு, கையெழுத்து வாங்கி, அவ்வளவுதான் என்றார்கள். இவர் நகரவில்லை. “17,000” என்றார். “என்ன 17,000?” “குமிழ்.”

சொல்லிவிட்டுத் தானே சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாலத்தின் இறக்கத்தில் என் தோளைப் பிடித்தபடி, ஊர்வல வேகத்தில் நடந்தோம்.

நான்காம் நாள்: பர்மிங்காம், வீடு

காலையில் பர்மிங்காம். 16ஆவது தெரு பாப்டிஸ்ட் சர்ச். 1963 செப்டம்பர் 15, ஞாயிறு காலை, குண்டு வெடித்து நான்கு சிறுமிகள் இறந்தார்கள். ஆடி மே காலின்ஸ், சிந்தியா வெஸ்லி, கரோல் ராபர்ட்சன், மூவருக்கும் 14. டெனிஸ் மெக்நேர், 11. எதிரே உள்ள பூங்காவில் அதே ஆண்டு மே மாதம் பள்ளிப் பிள்ளைகள் மீது நாய்களையும் தீயணைப்புக் குழாய்களையும் ஏவினார்கள். பாப்பா இங்கே எந்தப் படத்திலும் தன்னைத் தேடவில்லை. பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து கடைசிக் கேக் துண்டை மூன்றாகப் பிட்டுக் கொடுத்தார்.

திரும்பும் வழியில் எல்லையைத் தாண்டியதும் கைக்கடிகாரம் இல்லாத மணிக்கட்டைப் பார்த்தார். “வாங்கிக்கொண்டார்கள் அந்த ஒரு மணி நேரத்தை.”

வீட்டுக்குப் போகும் முன்னால் பாட்டியின் கல்லறைக்குப் போகச் சொன்னார். வெயில் தாழ்ந்திருந்தது. நானும் கணவரும் கொஞ்சம் தள்ளி நின்றோம். பாப்பா கல்லுக்கு முன்னால் நின்று, என் போனை வாங்கி, நான் எடுத்திருந்த படத்தைப் பெரிதாக்கி அதன் பக்கம் திருப்பிக் காட்டினார்.

“பார்த்துக்கொள். இதுதான். நான் சொன்னேன் இல்லையா?”

சற்று நேரம் அப்படியே பிடித்திருந்தார்.

“அது கடன் வாங்கியது.”

மறுபடி ஒரு நிமிடம். தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தார்.

“சரி, சரி” என்றார். என் பக்கம் திரும்பி, “பேபி, பத்து டாலருக்குச் சில்லறை இருக்கிறதா?” என்று கேட்டார்.